விளையாத நிலம்

குமணன்சாவடி ரோட்டிலிருந்து ஒரு ஜீப் மாட்டுவண்டிப் பாதையில் இறங்கியபோது, பொன்னியம்மா கடைசி நெல் மூட்டையை வைக்கோல் போருக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"லெவிக்காரங்க வந்துட்டாங்க. இன்னா பாத்துகினு கீறே? தோள் குடு."

அவள் புருஷன் துலுக்கானம் முதுகைக் கொடுத்து நெட்டினான். போன வருஷம் சர்க்கார் லெவி என்று பதினோரு மூட்டையை அளந்துகொண்டு போய்விட்டார்கள். ஆடி மாதம் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்கக்கூட வீட்டில் நெல் இல்லை. அதனால் இந்த முறை அறுத்த தாள் தெரியாதபடி நேற்றே கழனியை உழுது போட்டிருந்தான்.

"காலையில பக்கத்துக் கழனி ஜம்புலிங்கத்தாண்ட கேட்டாங்களாம். ரெண்டு போகம் வெளையுதுன்னு பெருமையா சொல்லிகீறான், லூசு," என்றான்.

"மூட்டைய எடுத்துகினு பூட்டாங்களா?"

"இன்னும் இல்ல. லாரி பின்னால வரும்."

கண்ணாடி போட்ட அதிகாரி வரப்பில் நடந்து வந்தார். அவர் பின்னால் ஒரு ஆள், தோளில் சங்கிலியோடு. வைக்கோல் போரை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"துலுக்கானம்தானே? உங்க நிலத்துல எத்தனை போகம்?"

"ஒண்ணே கஷ்டம் சாமி. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணி இந்த மடைக்கு எட்டறதே இல்ல. மழ பேஞ்சா கொஞ்சம் கேவுரு வரும்."

"கர்ணம் கணக்குல ரெண்டு போகம் நெல்லுன்னு இருக்கே."

"அது எங்க தாத்தா காலத்துல எழுதினது."

அதிகாரி பேனாவை மூடினார். "யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன். நாங்க எதுக்கு வந்திருக்கோம்னா..."

"தெரியும் சாமி. தெரிஞ்சுதான் சொல்றோம்," என்று பொன்னியம்மா குறுக்கே வந்தாள். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது மண்ணா? வெறும் சவுடு. எருமகூட மோந்து பாத்துட்டுப் பூடும்."

கண்ணில் தண்ணீர்கூட வரவழைத்துக்கொண்டாள்.

அதிகாரி மறுபடி பேனாவைத் திறந்தார். எழுதி முடித்துக் காகிதத்தை நீட்டினார். துலுக்கானம் கட்டைவிரலை மையில் ஒற்றிக் கைநாட்டு வைத்தான். பொன்னியம்மா மூக்கைச் சிந்துவதுபோல் திரும்பி, முந்தானைக்குள் சிரித்தாள்.

சங்கிலிக்காரன் கழனிக்குள் இறங்கி அளந்தான். மூலையில் பள்ளம் தோண்டி ஒரு கல்லை நட்டான்.

"கல்லு இன்னாத்துக்கு சாமி?" என்றான் துலுக்கானம்.

"தொழிற்பேட்டை வருது. அதுக்கு நிலம் எடுக்கிறோம்."

பொன்னியம்மாவின் கையிலிருந்து மண் உதிர்ந்தது. "ஊர்ல இவ்ளோ நெலம் கீது. எங்களுதுதான் கெடைச்சுதா?"

அதிகாரி காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"ரெண்டு போகம் விளையுற நிலத்தைத் தொடக்கூடாதுன்னு உத்தரவும்மா."