ஒரு தடவை கை தட்டிடுங்க

"ஏங்க, எந்திரிங்க! அந்த ஆளு பண்ற வேலையை வந்து பாருங்க!"

ஓர்னெல்லா உலுக்கிய உலுக்கலில் துல்லியோ போர்வையோடு ஜன்னலுக்கு வந்தார்.

வெளியே பனிமூட்டம். ஓக் மரத்தடியில் குந்தியிருந்தார் செவெரினோ, அவர்கள் விடுமுறைக்கு வந்து தங்கியிருந்த பண்ணை வீட்டின் சொந்தக்காரர். பையிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்தார். மண்ணைக் கீறி உள்ளே வைத்தார். மேலே சருகைத் தள்ளி மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி நடந்தார்.

"ட்ரஃபிள்! மண்ணுக்கடியில விளையுற அந்த விலை உசந்த காளான்! நேத்து அந்தக் கிழட்டு நாய் மோப்பம் பிடிச்சு எடுத்துச்சே, அதே மரம்!"

"இருந்துட்டுப் போகுது விடு. ராத்திரி முட்டை மேல சீவிப் போட்டாங்களே, அது நிஜந்தானே? வயித்துக்குள்ள போனது பொய்யா?"

"உங்களுக்கென்ன! ஆபீஸ் முழுக்கப் படம் அனுப்பினது நான். அந்த நாயைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு!"

ஓர்னெல்லாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காதவள் அவள். மிலானோவில் எந்தக் கடைக்காரனும் அவளிடம் வாலாட்ட முடியாது. அவளைப் போய் ஒரு மலைக்காட்டு மனுஷன் முட்டாளாக்கிவிட்டார். மானமே போன மாதிரி இருந்தது.

பத்து மணிக்கு எல்லாரும் காட்டுக்குக் கிளம்பினார்கள். இவர்கள் இருவர், ஜெனோவாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், முன்னால் செவெரினோ, அவருக்கும் முன்னால் மோரா. பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிற அந்தக் கிழட்டு நாய். வாலை மட்டும் கொடி மாதிரி தூக்கி வைத்திருந்தாள்.

நேராக அந்த ஓக் மரம். கீறினாள். கவ்வினாள். எல்லாருக்கும் நடுவில் வந்து நின்று தலையை நிமிர்த்தினாள்.

ஜெனோவாக்காரர் கை தட்டப் போனார்.

"நிறுத்துங்க!" என்றாள் ஓர்னெல்லா. "காலையில அதை அங்க புதைச்சதே இவருதான். என் கண்ணால பார்த்தேன்."

எல்லாரும் செவெரினோவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய காது மடல் சிவந்தது.

"நிஜமாவா?" என்றார் ஜெனோவாக்காரர்.

"ஆமாங்க. நான்தான் புதைச்சேன்." செவெரினோவின் குரல் இறங்கிவிட்டது. "அதை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல ஒரு தடவை கை தட்டிடுங்க."

"கேட்டீங்களா! கை வேற தட்டணுமாம்!"

ஜெனோவாக்காரர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மோரா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். செவெரினோ மட்டும் தனியாகக் கை தட்டினார். அது எடுபடவில்லை. மோரா காளானைக் கீழே போட்டுவிட்டு வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். வால் தொங்கிவிட்டது.

"உனக்கு இப்ப திருப்தியா?" என்றார் துல்லியோ.

"பின்னே? பித்தலாட்டம்னா பித்தலாட்டம்தான்."

மதியம் செவெரினோவின் மனைவி இல்டா முட்டை பொரித்து, மேலே ட்ரஃபிளைத் தாராளமாகச் சீவினாள். வாசனை ஆளைத் தூக்கியது.

"இது எந்த மரத்தடியில புதைச்சது?" என்றாள் ஓர்னெல்லா. மேசையில் எல்லாரும் சிரித்தார்கள்.

இல்டா சீவுவதை நிறுத்தவில்லை. "இது எங்க சின்ன நாய் எடுத்தது. ராத்திரியில இவர் அதைக் கூட்டிட்டுப் போவார். அந்த இடத்தை எனக்கே சொல்லமாட்டார், உங்களுக்கா காட்டப் போறார்?"

"அப்ப காலையில அந்த நாடகம் எதுக்கு?"

"அதுக்கு உங்ககிட்ட ஏதாவது காசு கேட்டோமா?"

கேட்கவில்லை. ஓர்னெல்லாவுக்கு அப்போதுதான் அது உறைத்தது.

இல்டா வாசல் பக்கம் போய் ஒரு தட்டை எடுத்து வந்தாள். ரொட்டியும் ஈரலும் வைத்தது வைத்தபடி இருந்தது.

"போன குளிர்ல காய்ச்சல் வந்து மோராவுக்கு மோப்பமே போயிடுச்சு. தினமும் காட்டுக்குப் போவா, வெறும் வாயோட வருவா, மூலையில சுருண்டுக்குவா. தட்டைத் தொடமாட்டா. போய்ச் சேர்ந்துடுவான்னே நினைச்சோம். அப்புறம்தான் இவர் அந்த மரத்தடியில புதைக்க ஆரம்பிச்சார். பழகின இடம், அவ காலு தானா அங்க போகும். எடுத்துட்டு வருவா. விருந்தாளிங்க கை தட்டுவாங்க. அன்னைக்குத் தட்டை நக்கி வச்சிடுவா."

ஜெனோவாக்காரர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். இத்தனை பேர் நடுவில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஓர்னெல்லா தன் தட்டையே பார்த்தாள். காலையில் வந்தது அவமானமே இல்லை, இதுதான் அவமானம்.

"மன்னிச்சிடுங்க. எங்களை ஏமாத்துறீங்கன்னுதான் நான்..."

"உங்களை ஏமாத்தி எங்களுக்கு என்னம்மா ஆகப்போகுது?" இல்டா மோராவின் தட்டை அப்படியே குப்பைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். "நாங்க ஏமாத்தினது அவளை. இன்னைக்கு அது அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு."