சாத்தாத ஜன்னல்

கிராசியேலாவை டீச்சரிடம் போட்டுக் கொடுத்தது நான்தான்.

நான் ரஃபாயேல். சமர்கந்தில் பதினெட்டு வருடம் கணக்கு வாத்தியார். காப்பியடிக்கிறவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். இப்போது இஸ்ரேலின் ஹைஃபாவில் ஒரு காய்கறிக் கடையில் தக்காளி அடுக்குகிறேன். ஹீப்ரு தேர்வில் தேறினால்தான் இங்கே மறுபடியும் வாத்தியார் ஆக முடியும்.

எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் இதே கதைதான். புதிதாகக் குடியேறியவர்களுக்கு அரசாங்கம் ஐந்து மாதம் இலவசமாக ஹீப்ரு சொல்லித்தரும். கடைசியில் தேர்வு. கிராசியேலா அர்ஜென்டினாவில் மருந்தாளுநர். இங்கே ஒரு மருந்துக்கடையில் தரை துடைக்கிறாள்.

அவளுக்கு ஜன்னலோர இடம். ஏ.சி. ஓடினாலும் ஜன்னலைச் சாத்த விடமாட்டாள். தினமும் இதற்கு ஒரு சண்டை.

"கரண்ட் பில் என்ன உங்க அப்பாவா கட்டறாரு?" என்பார் சிப்போரா டீச்சர்.

"மூச்சு முட்டுது டீச்சர்" என்பாள் அவள். ஐந்து மாதமும் ஜன்னல் திறந்தேதான் கிடந்தது.

ஜன்னலுக்கு நேர் கீழே வாசல். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் காவலாளி ஹிஸ்கில். உள்ளே வருகிற எல்லாரையும் பையைச் சோதிக்க "பையத் திற கண்ணு" என்று நிறுத்துவார். ரஷ்யாவின் தெர்பெந்த் ஊர்க்காரர், இங்கே வந்து பத்தொன்பது வருடமாகிறது. கையில் எப்போதும் ரஷ்யப் பத்திரிகை, வாயில் சரளமான ஹீப்ரு. எங்களுக்கெல்லாம் அந்த வாயைப் பார்த்துப் பொறாமை.

தேர்வன்று ஒருவர் வரவில்லை. கேள்வித்தாள்களைக் கொடுக்க உதவிய கிராசியேலா, மிஞ்சிய தாளைச் சுருட்டி ஜன்னல் வழியாகப் போட்டாள். கண்ணால் பார்த்தேன். பழைய வாத்தியார் ரத்தம் சும்மா இருக்குமா? இடது கையை மடக்கிக்கொண்டு வலது கையைத் தூக்கினேன்.

"டீச்சர், ஒரு கேள்வித்தாள் கீழ போயிருக்கு. கொஞ்ச நேரத்துல பதிலோட மேல வரும்."

வகுப்பு இரண்டுபட்டது. இந்த நாட்டில் யாருக்கும் கருத்து இல்லாமல் இருக்காது. அவளை வெளியே அனுப்பச் சொன்னார்கள் சிலர். பாவம், விடுங்கள் என்றார்கள் சிலர். பதில் வந்தால் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்றார் பாரிஸிலிருந்து வந்த முடிதிருத்துபவர்.

டீச்சர் சிரிக்கவில்லை. "பேனாவக் கீழ வை. உன் பேப்பர் ரத்து."

அடுத்த தேர்வு பிப்ரவரியில்தான். அதுவரை அவள் தரைதான் துடைக்க வேண்டும். ஓயாமல் பேசுகிறவள், அன்று கண் கலங்கி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"நான் பதில் கேக்கல டீச்சர்."

டீச்சர் படியிறங்கிப் போனார். நாங்கள் ஜன்னலுக்கு ஓடினோம்.

ரஷ்யப் பத்திரிகைக்கு அடியில் எதையோ மறைத்துக்கொண்டு ஹிஸ்கில் எழுந்து நின்றார். கீழே பேசுவது மேலே இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"என் வேலை போனாலும் போகட்டும் டீச்சர். அந்தப் பொண்ணு பேப்பர ரத்து பண்ணிடாதீங்க. நான்தான் கேட்டேன்."

டீச்சர் அந்தத் தாளைப் பிடுங்கி விரித்தார். பாதித் தாள் வரை பென்சில் எழுத்து, ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு. மேலே பெயர் எழுதும் இடத்தைப் பார்த்தவர் வாய்விட்டுப் படித்தார்.

"ஹிஸ்கில் நுவாகோவ்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வந்த மறுநாளே வேலைக்குப் போயிட்டேன். இலவச வகுப்புல சேர ஒன்றரை வருஷம்தான் கெடு, அது ஓடிப்போச்சு. பேசத்தான் வரும், எழுத்து ஒண்ணும் தெரியாம இருந்துச்சு. அஞ்சு மாசமா நீங்க சொல்றத இங்கருந்து கேக்கறேன். போர்டுல எழுதினத அந்தப் பொண்ணு சாயங்காலம் காட்டிட்டுப் போகும். சர்டிபிகேட்லாம் வேண்டாம் டீச்சர். தேறுவேனான்னு தெரிஞ்சாப் போதும்."

டீச்சர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது கேள்வி தப்பு" என்றார் கடைசியில். "மேல போய் என் மேசைல உக்காந்து ஒழுங்கா எழுதுங்க. நாப்பது நிமிஷம் இருக்கு. அந்தப் பொண்ணையும் எழுதச் சொல்லுங்க."

"வாசல யாரு பாக்கறது?"

"நான் பாத்துக்கறேன். நாற்காலிய விடுங்க."

உட்கார்ந்தும்விட்டார். அந்த நேரம் பார்த்து எதிரே வந்த தபால்காரரிடம் வகுப்பில் அதட்டுகிற அதே குரலில் "பையத் திற கண்ணு" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் தபால்காரர் அண்ணாந்து பார்த்தார்.

ஹிஸ்கில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தபோது யாரோ கை தட்டினார்கள். பிறகு வகுப்பே தட்டியது. கிராசியேலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவை எடுத்தாள். எல்லாரும் குனிந்தார்கள்.

மேற்பார்வைக்கு ஆளே இல்லாத நாற்பது நிமிடம். டீச்சரின் மேசையில் ஹிஸ்கில் மூன்றாவது கேள்வியை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தார்.

நான் மேசைக்கு அடியில் இடது கையை மெல்ல விரித்தேன். காலையில் உள்ளங்கையில் எழுதி வந்த ஒன்பது வினைச்சொற்களையும் எச்சில் தொட்டு அழித்தேன்.