முதுகில் கைகள்

கருங்கல் பாவிய அந்தச் செங்குத்தான ஏற்றத்தின் பாதியில் வான்னெஸ் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டான். ஃபிளாண்டர்ஸ் மாநிலத்தின் நூறாண்டுப் பழைய சைக்கிள் பந்தயம் அவனுடைய சொந்த ஊர் வழியாகத்தான் போகிறது. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. இனி பந்தயமே வேண்டாம் என்று மனமும் விட்டுப்போயிருந்தது. ஓரமாக ஒதுங்கலாமென்றால் இருபுறமும் சிங்கம் பொறித்த ஃபிளாண்டர்ஸ் கொடிகளோடு ஊரே அடைத்துக்கொண்டு நின்றது.

"என்னால முடியல, வழி விடுங்க" என்றான்.

"நம்ம ஊர்க்காரன் இங்க நிக்கலாமா? உங்கப்பா ஜெயிச்ச ஏத்தம்டா இது!" என்று கசாப்புக்கடைக்காரர் மார்ட்டன் அவனை அலாக்காகத் தூக்கிச் சீட்டில் உட்காரவைத்தார். யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள். ஒரு கை விட்டதும் இன்னொரு கை வந்தது. சிலர் ஆனந்தத்தில் அழவே செய்தார்கள். வேண்டாம், வேண்டாம் என்று அவன் கத்தியது அந்த ஆரவாரத்தில் யார் காதிலும் விழவில்லை.

உச்சியில் அவன் மனைவி க்ரீட் நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் தடுப்புக் கம்பியை இழுத்து, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடம் பண்ணினாள்.

"போதும், வந்துடுங்க."

அவன் பிரேக்கை இறுகப் பிடித்தான். முதுகிலிருந்த கைகள் இன்னும் பலமாகத் தள்ளின.