ஒரு வருஷம் பொறுத்திருக்கலாம்

"ஹெஸ்டருக்கு நான் டீ போட மாட்டேன். கை இருக்குல்ல, அவளே போட்டுக்கட்டும்!"

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து அந்த அலுவலகத்தில் ஒருவர் டீ போட எழுந்தால் எல்லோருக்கும் சேர்த்துப் போடுவதுதான் வழக்கம். டெஸ்மண்ட் மற்றவர்களின் கோப்பைகளை வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, ஹெஸ்டரின் கோப்பையை மட்டும் அலமாரியிலேயே விட்டார்.

"உனக்கு ஏன் இவ்வளவு வயித்தெரிச்சல்?" என்று சிரித்தாள் பக்கத்து மேஜை போலின்.

"எரியாதா பின்னே? பதினெட்டு வருஷமா இங்க வரிக் கணக்குல மண்டையை உடைச்சுக்கறவன் நான். நேத்து வந்தவ சேர்மன் பக்கத்துல உக்காந்து சாப்பிடறா. நிதி இயக்குநர் நாற்காலி காலியாகப் போகுது. அது யாருக்குன்னு வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும்."

அவர்களுடையது கட்டடங்களை வாங்கி வாடகைக்கு விடும் குழுமம். ஒன்பது வருடமாக 'ரீட்' என்கிற சலுகைக்குள் இருந்தது. வாடகை லாபத்தில் பெரும்பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால், அந்த லாபத்துக்குக் கம்பெனி வரி கட்ட வேண்டாம். இப்போது சேர்மன் ஓல்ட்ராய்டுக்கு லாபத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு புதிதாகக் கட்ட ஆசை. சலுகையிலிருந்து வெளியேறி, கால்வாய்க் கரைக் கட்டடத்தை உடனே விற்றுவிடலாம் என்று திட்டம் போட்டுக் கொடுத்தவள் ஹெஸ்டர்.

"திட்டம் நல்லாத்தானே இருக்கு?" என்றாள் போலின். "வெளியே வர்ற அன்னிக்கு, கட்டடத்தோட மதிப்பை அன்னிக்கு இருக்கற விலைக்குப் புதுசா எழுதிடுவாங்களாம். மறுநாளே வித்தா லாபமும் இல்லை, வரியும் இல்லைன்னு சொல்றாளே."

டெஸ்மண்ட் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை!

"அங்கதான் அவ மாட்டிக்கிட்டா. பத்து வருஷம் முடியறதுக்கு முன்னால நாமளா வெளியே வந்து, அடுத்த ரெண்டு வருஷத்துக்குள்ள வித்தா, அந்தப் புது மதிப்பு செல்லாது. அந்தக் காலத்துல அடிமாட்டு விலைக்கு வாங்கினோம் பாரு, அதுலேருந்து லாபத்தைப் போட்டு வரியைக் கறந்துடுவாங்க."

"ஐயையோ! இன்னும் ஒரு வருஷம் பொறுத்தாப் போதுமா? அதைப் போய்ச் சொல்லித் தொலையேன்!"

"நான் ஏன் சொல்லணும்? கட்டடம் விக்கட்டும். வரி வந்து விழட்டும். சேர்மன் அவ சீட்டைக் கிழிக்கட்டும். அப்புறம் நாற்காலி யாருக்கு?"

"கம்பெனிக்கு நஷ்டமாச்சே!"

"அவ மூஞ்சி தொங்கறதைப் பார்த்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"நான் எதையும் கேக்கலை சாமி" என்று போலின் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நழுவினாள்.

அன்று மாலை ஹெஸ்டரே அவரைத் தேடி வந்தாள். ஒருவர் போட்ட திட்டத்தை இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் போர்டுக்குக் கொண்டுபோவார்கள்.

"டெஸ்மண்ட், நீங்க ஒரு தடவை பார்த்துடுங்களேன். ரீட் சமாச்சாரத்துல எனக்கு அரைகுறை ஞானம்தான். தப்பு இருந்தா தாராளமாத் திட்டுங்க."

டெஸ்மண்ட் பார்ப்பது போலப் பார்த்தார். "தப்பா? பிரமாதம்! ஒரு வார்த்தை மாத்த வேண்டாம்."

அவள் முகம் மலர்ந்து போனதைப் பார்க்க அவருக்கு இன்னும் எரிந்தது. இருக்கட்டும், இன்னும் எத்தனை நாளைக்கு என்று நினைத்துக்கொண்டார்.

போர்டு ஒப்புக்கொண்டது. குழுமம் சலுகையிலிருந்து வெளியேறியது. அடுத்த மாதமே கட்டடம் கைமாறியது.

அன்று அலுவலகத்தில் ஷாம்பெயின் உடைத்தார்கள். வழக்கம்போல ஹெஸ்டர் சேர்மன் பக்கத்தில் நின்றிருந்தாள். டெஸ்மண்ட் ஜன்னலோரம் ஒதுங்கி நின்று பல்லைக் கடித்தார்.

"புது நிதி இயக்குநர் யாருன்னு சொல்லிடறேன்" என்றார் ஓல்ட்ராய்ட். எல்லோரும் ஹெஸ்டரைப் பார்த்தார்கள். "நீங்க நினைக்கற ஆள் இல்லை. ஹெஸ்டர் அடுத்த வாரம் புருஷனோட எடின்பரோ போறா. பதவி டெஸ்மண்டுக்கு!"

கைதட்டல் காதைப் பிளந்தது. டெஸ்மண்டுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எல்லோரும் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சட்டென்று அந்த வரி ஞாபகம் வந்தது. உடனே தன்னைத் தேற்றிக்கொண்டார். வரட்டுமே, திட்டம் போட்டவள்தான் ஊரை விட்டே போகிறாளே, பழி அவளோடு போகும்!

ஹெஸ்டர் கோப்பையோடு அருகில் வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"உங்களை இந்த நாற்காலியில உக்கார வைக்கணும்னுதான் ஆறு மாசமா சேர்மனை நச்சரிச்சேன். பதினெட்டு வருஷம் உழைச்சவரை ஒருத்தரும் கண்டுக்கலையேன்னு எனக்கு ஆத்திரம். கோவிச்சுக்காதீங்க டெஸ்மண்ட், அதுக்காக ஒரே ஒரு பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"இந்தத் திட்டம் என்னோடது இல்லை, முழுக்க முழுக்க உங்களோடதுன்னு போர்டுல சொல்லிட்டேன்."