இருபதாவது பால்

குடுவையின் பக்கவாட்டில் காந்தத்தை வைக்கிறேன். நொதியை ஒட்டவைத்த பழுப்பு இரும்புத் துகள்கள் பாலிலிருந்து விலகி, கண்ணாடியில் வந்து படிகின்றன. பத்தொன்பது முறை பாலின் சர்க்கரையை உடைத்த அதே நொதிதான். இருபதாவதிலும் உடைத்திருந்தால் பால் ஆலை இந்த முறையை ஏற்கும். இல்லையென்றால் என் மூன்று வருட ஆய்வை இன்றோடு மூடிவிடுவார்கள். "உன் துருப்பொடி இன்னுமா ஓய்வு கேக்கல, தாக்மார்?" என்கிறான் பக்கத்து மேசை ப்ரெபென். துகள் நீங்கிய பாலில் சோதனைப் பட்டையை நனைக்கிறேன்; சர்க்கரை உடைந்திருந்தால் பச்சையாகும். ஜன்னலோரத்து வெளிறிய வெயிலில் அது பச்சையாகிறது, முதல் நாள் கண்ட அதே கரும்பச்சை. ப்ரெபென் எழுந்துபோய், எங்கள் நாட்டில் பிறந்தநாளுக்கு மேசையில் வைக்கும் சின்னச் சிவப்புத் தேசியக் கொடியை எடுத்துவந்து குடுவையருகே நிறுத்துகிறான். "யாருக்குடா?" "பொடிக்குத்தான். உனக்குன்னு நெனச்சியா?" அழுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். கையோ, யாரையும் கேட்காமல், இருபத்தொன்றாவது பாலை ஊற்றிக்கொண்டிருக்கிறது.