புழு வேண்டாம்

நாட்டுச் செடிகள் விற்கும் தமயந்தியிடம், வீட்டுக்குப் பட்டாம்பூச்சி வரவேண்டும் என்று ஆடுதீண்டாப்பாளைச் செடி வாங்கிப்போன வத்சலா, மூன்றாவது முறையாகத் தொட்டியை ஸ்கூட்டரில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தாள். செடியில் ஓர் இலைகூட இல்லை. முள்முள்ளான கரும்புழுக்கள் தண்டைக் கடித்துக்கொண்டிருந்தன.

“மறுபடியும் புழுச் செடியை என் தலையில கட்டிட்டீங்களே!”

“அதுங்கதான் மேடம் பட்டாம்பூச்சியா ஆகும். எத்தனை தடவை சொல்றது?”

“எனக்குப் பட்டாம்பூச்சி மட்டும் போதும். புழு வேணாம்.”

தமயந்தியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. “அப்ப பிளாஸ்டிக்ல வாங்கிச் செவுத்துல ஒட்டிக்குங்க.”

வத்சலா தொட்டியை அங்கேயே விட்டுவிட்டு விருட்டென்று கிளம்பிப் போனாள்.

நான்காம் நாள் காலை போன் வந்தது. அதே கோபக் குரல்.

“உங்க புழு ஒண்ணு என் வண்டி ஹேண்டிலுக்குக் கீழ கூடு கட்டித் தொங்குது.”

“வண்டியோட இங்க வாங்க. நான் எடுத்துக்கறேன்.”

“எப்படி வர்றது? குலுங்கினா விழுந்துடாதா? ரெண்டு நாளா பஸ்லதான் ஆபீஸ் போறேன். எப்பத்தான் கிளம்பும் இது?”

“இன்னும் பத்து நாள் ஆகலாம் மேடம்.”

“பத்து நாளா!”

அதே எரிச்சலோடு வத்சலா கேட்டாள்:

“மழை வர்ற மாதிரி இருக்கு. இது நனையலாமா, கூடாதா?”