ஒரு நத்தை போதும்

"ஒண்ணு கெடைச்சா போதும்ணே. உசுரோட ஒரே ஒரு நத்தை. அப்புறம் இந்த மலையை எவனும் தொட முடியாது" என்றாள் கலாதேவி, தொண்டர் குழுவின் தலைவி.

கோயில் தலைவர் சதாசிவம் மலையை அண்ணாந்து பார்த்தார். ரப்பர் பால்மரத் தோட்டத்தை விற்றபோது அங்கிருந்த முனியாண்டி சாமியை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து, இந்தச் சுண்ணாம்பு மலையடியில் உட்கார வைத்தவர் அவர்தான். இப்போது மலையையே உடைக்க ஒரு கல்லுடைக்கும் கம்பெனி மனுப் போட்டிருந்தது. மலை போனால் கோயிலும் போகும். திங்கட்கிழமை விசாரணை.

கோயிலுக்குப் பின்னாலிருக்கும் பாறையில் மட்டும்தான் அந்த நத்தை இருக்கிறதாம். உலகத்தில் வேறு எங்கும் கிடையாதாம். போன வருசம் ஒரு மாணவி படம் பிடித்திருக்கிறாள்.

ஈப்போ நகரிலிருந்து இருபது தொண்டர்கள் வந்திருந்தார்கள். எல்லார் முதுகிலும் நத்தை அச்சடித்த சட்டை. முதலில் பேனரைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். பிறகு நாசி லெமாக் சாப்பிட்டார்கள். அதையும் படம் எடுத்தார்கள். அதற்கப்புறம்தான் பூதக்கண்ணாடியும் கையுமாகப் பாறையில் மூக்கை வைத்தார்கள்.

நத்தை ஊர்ந்த தடத்தைத் தேடுகிறார்கள் என்று, கோயில் கூட்டும் செல்லாயிக்கு சதாசிவம் விளக்கம் கொடுத்தார்.

அவரும் சும்மா இருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். வாழையடியைக் கிளறினார். செருப்பு அடுக்கும் பலகையைக்கூடப் புரட்டிப் போட்டார். இரண்டு மணி நேரம் கழித்து, வேர்க்க விறுவிறுக்க, கையில் ஒன்றை ஏந்திக்கொண்டு ஓடி வந்தார்.

"இது ஆகுமாம்மா?"

"இது கீரைப் பாத்தியில மேயுறதுண்ணே. பேராக் மாநிலம் முழுக்க இருக்கு. நம்ம நத்தை வேற."

பன்னிரண்டு மணிக்கெல்லாம் தொண்டர்களில் பாதிப் பேர் காரில் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கலாதேவி மட்டும் பாறையின் கடைசி மூலை வரை முட்டி போட்டுப் பார்த்துவிட்டு எழுந்தாள். விசாரணைக்குக் கொடுக்கும் படிவத்தை எடுத்து, 'உயிருடன் இல்லை' என்று எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை என்றாள்.

"பொறும்மா, எழுதிராத" என்றார் சதாசிவம். "இன்னும் கொஞ்சம் மேல ஏறிப் பாப்போம்லா. நீங்க அனுப்புன போஸ்டர்ல தலகாணி சைசுக்கு இருந்துச்சே. அம்மாம் பெருசு எங்க போயி ஒளிஞ்சிக்கும்?"

கலாதேவி பேனாவை நிறுத்தினாள்.

"அது பெருசாக்கிப் போட்ட படம்ணே. நெசத்துல எள்ளு அளவுதான் இருக்கும். பாசியோட பாசியா, கறுப்பா, பாறையில ஒட்டிக்கிட்டிருக்கும்."

சதாசிவம் மெதுவாகப் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

செல்லாயிதான் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்.

"அப்ப, நத்தை பாக்க வாரவங்க மொகஞ்சுளிக்கக் கூடாதுன்னு, நேத்து நாப்பது பேரு சேந்து பிளீச்சு ஊத்தி அந்தப் பாறையைத் தேய்ச்சுக் கழுவுனோமே... அது அழுக்கு இல்லையா தலைவரே?"